சிலோன் நீலம் வாங்குவதற்கு முன்: இரத்தினபுரிக் குழி முதல் தங்கசாலைக் கடை வரை

போன வருடம் பாட்டியின் பழைய மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வளையல் எடுக்கலாம் என்று அம்மாவோடு ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்னக் குறடால் மோதிரத்தின் நான்கு கொக்கியையும் நிமிர்த்தி, நீலக்கல்லை வெளியே தள்ளி, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "கல்லுக்கு விலை கிடையாதும்மா. தங்கத்துக்கு மட்டும்தான் போட முடியும்." தாத்தா கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிவந்த 'சுத்த சிலோன் நீலம்' அது. வீட்டில் அதற்குப் பெரிய மரியாதை. அம்மா ஒன்றும் பேசவில்லை. மோதிரத்தையும் காகிதப் பொட்டலத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வளையல் எடுக்காமலே வீடு திரும்பினோம்.

அடுத்த வாரம் நான் அந்தக் கல்லை ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் கல்லை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, இடுக்கியால் கொஞ்சம் திருப்பி, "நீங்களே பாருங்க சார்" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். கல்லுக்குள் மெல்லிய கோடுகள். பழைய கிராமபோன் தட்டில் இருக்குமே, அந்த மாதிரி வளைந்த கோடுகள். மண்ணுக்குள் வளர்ந்த நீலத்தில் நிறக்கோடு நேராக ஓடும், அறுகோணமாக மடங்கும், இப்படி வளையாது. வளைந்திருந்தால் அது சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த கல். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் வெர்னொய் 1902-ல் வெளியிட்ட முறை. அந்த முறையில் செய்த கல் இன்றுவரை உலகம் முழுக்க மோதிரங்களில் உட்கார்ந்திருக்கிறது.

தாத்தா ஏமாந்தாரா, தெரிந்தேதான் வாங்கிவந்து பாட்டியிடம் கதை விட்டாரா என்று இனி கேட்க முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். படித்தேன், கடை கடையாக ஏறினேன், இலங்கைக்கும் ஒருமுறை போய்வந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: கல் மண்ணுக்குள் எப்படி உண்டாயிற்று, யார் எப்படி எடுத்தார்கள், வழியில் எந்த உலையில் ஏறி இறங்கியது, இது மூன்றும் தெரியாதவர் கடைக்காரர் சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது. ராசி பலன் பக்கமும் போகப்போவதில்லை. எந்தக் கல் யாருக்கு ஆகும் என்பது உங்கள் ஜோசியர் பாடு.

படி 1: பல்லாவரத்தில் ஆரம்பியுங்கள்

சென்னையில் பரங்கிமலைக்குப் போயிருப்பீர்கள். சர்ச்சைப் பார்த்துவிட்டு, விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அடுத்த முறை காலுக்குக் கீழே இருக்கும் பாறையைப் பாருங்கள். கருநீலமும் பச்சையும் கலந்த, எண்ணெய் தடவினாற்போல் மின்னும் அந்தப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பேர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை. அதை ஆராய்ந்து 1893-ல் தாமஸ் ஹாலந்து அந்தப் பேரைச் சூட்டினார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைதான் அது. பரங்கிமலையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இதற்கும் நீலக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? இலங்கையின் நடு மலைநாட்டிலும் இதே குடும்பத்துப் பாறைகள்தான். தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் மூன்றும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலத்தில் ஒட்டிக்கிடந்தன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி அழுந்தியபோது, பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைகள் வெந்து உருமாறின. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இப்படி வெந்த பழம்பாறை. பல்லாவரத்துப் பாறையும் இரத்தினபுரிப் பாறையும் பங்காளிகள் என்றால் மிகையில்லை.

அப்படியானால் பல்லாவரத்தில் ஏன் நீலம் கிடைக்கவில்லை? நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம்: குருந்தம், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும். கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள், நாம் கனக புஷ்பராகம் என்கிறோமே, அது. ஆனால் பக்கத்தில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், தாராளமாக இருந்தால் அலுமினியத்தை அது இழுத்துக்கொண்டு வேறு கனிமமாகிவிடும். குருந்தம் உருவாக வழியே இல்லை. அலுமினியம் நிறைய, சிலிக்கா குறைவு, நல்ல வெப்பம், நல்ல அழுத்தம். இத்தனையும் ஒரே இடத்தில் கூடிவருவது அபூர்வம். இலங்கையில் கூடிவந்தது.

தமிழ்நாட்டுக்கும் ஓரளவு வாய்த்தது என்று சொல்ல வேண்டும். காங்கேயம், கரூர் வட்டாரத்தில் அக்வாமரைனும் சந்திரகாந்தக் கல்லும் கிடைக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளே வெளிவந்தன. கொங்குப் பகுதியில் ரோமானியக் காசு குவியல் குவியலாகக் கிடைத்ததற்கு இந்தக் கல் வியாபாரமும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நேரம் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவில் அரை நாள் செலவழியுங்கள். பட்டை தீட்டாத கனிமங்களைக் கண்ணால் பார்த்துப் பழகினால், கடை விளக்கொளியில் ஜொலிப்பதைப் பார்த்து மயங்குவது கொஞ்சம் குறையும்.

படி 2: குழிக்குள் இறங்கிப் பாருங்கள்

இலங்கையில் ரத்தினச் சுரங்கம் என்றால் கோலார் மாதிரிப் பாறையைக் குடைந்து போகிற சுரங்கம் என்று நினைக்காதீர்கள். வயலுக்கு நடுவில், ரப்பர் தோட்டத்து ஓரத்தில், நாலு கம்பு நட்டு மேலே ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குக் கீழே கிணறு மாதிரி ஒரு சதுரக் குழி. இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, எலஹெர, ஒக்கம்பிட்டிய என்று இது பரவிக் கிடக்கிறது. சந்திரகாந்தக் கல்லுக்கு மீட்டியாகொடை.

காரணம் சுலபம். மலையில் உண்டான கல் மலையிலேயே இருக்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் பாறையைப் பொடியாக்கி ஆற்றோடு அனுப்பின. மெத்தென்ற கனிமங்கள் கரைந்து களிமண் ஆயின. குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம், தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனம். அது தேயவும் இல்லை, தூரம் போகவும் இல்லை. ஆறு வேகம் குறைந்த இடங்களில் கூழாங்கல்லோடு அடியில் தங்கிவிட்டது. பிறகு ஆறு தடம் மாற, அதன்மேல் மணலும் களிமண்ணும் மூடி வயலாகிவிட்டது. அந்தக் கூழாங்கல் அடுக்குக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பேர். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல் குடியிருக்கும் இல்லம்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இல்லம் சில இடங்களில் ஒரு ஆள் ஆழத்திலேயே வந்துவிடும். சில இடங்களில் 20, 30 மீட்டர் இறங்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து, பூஜை போட்டுத்தான் தோண்டத் தொடங்குவார்கள். குழிச் சுவர் சரியாமல் இருக்க மரக்கட்டைகளைச் சதுரச் சட்டமாக அடுக்கி, கட்டைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒருவகைப் பெரணித் தழையைத் திணிப்பார்கள். தழை தண்ணீரை வடியவிடும், மண்ணை விடாது. நான் பார்த்த குழியில் பம்ப் செட் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "பம்ப் நின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். ஒருவர் கையை முழங்காலில் வைத்து, பிறகு இடுப்பில், பிறகு கழுத்தில் வைத்துக் காட்டினார். இல்லத்தைத் தொட்டதும் அங்கிருந்து பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிக்கொண்டு போவார்கள். எடுத்த சரளையை வாளியில் மேலே ஏற்றிக் குவித்து வைப்பார்கள்.

அப்புறம்தான் பார்க்க வேண்டிய காட்சி: கழுவுதல். குவித்த சரளையை ஆழமில்லாத பிரம்புக் கூடையில் அள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுழற்றுகிறார்கள். நம் வீட்டில் அரிசியில் கல் அரிக்கும் அதே கைவாகு. தண்ணீரைச் சுழற்ற அரிசி மேலே மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நிற்கும். இங்கே அரிசியை விட்டுவிட்டுக் கல்லை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். லேசான குவார்ட்ஸ் (சாதாரணப் படிகக்கல்) விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது; கனமான நீலம், புஷ்பராகம், ஸ்பைனல், சிர்கான், கோமேதகம் நடுவில் ஒரு பிடியாகச் சேர்கின்றன. அந்தக் கூடைக்கு அங்கே 'வட்டி' என்று பேர். நம் பழைய பாட்டுகளில் பூவும் மீனும் சுமக்கும் வட்டியேதான். நமக்கு இப்போது வட்டி என்றால் பைனான்ஸ் கம்பெனிதான் ஞாபகம் வருகிறது. சுழற்றி முடித்ததும் அனுபவப்பட்ட ஒருவர் வெயிலுக்கு முகம் திருப்பிக் கூடையைச் சாய்த்துப் பிடித்து விரலால் ஒரு தடவு தடவுகிறார். பெரும்பாலான நாட்களில் அந்த விரல் எதையும் எடுப்பதில்லை.

கூலி முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், கல் விலை புரியும். தோண்டுகிறவர்களுக்குச் சாப்பாடும் கொஞ்சம் கைச்செலவும்தான் நிச்சயம். கல் கிடைத்தால் நிலத்துக்காரர், லைசென்ஸ்காரர், பம்ப் கொடுத்தவர், பணம் போட்டவர், தோண்டியவர்கள் என்று பங்கு பிரியும். மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். லைசென்ஸ் கொடுப்பது 1993-ம் வருடச் சட்டப்படி அமைந்த தேசிய ரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. வேலை முடிந்ததும் குழியை மூடவேண்டும் என்பதும் விதி. மூடாத குழியில் தண்ணீர் நின்று கொசு பெருகும், மாடு விழும், மழைக்காலத்தில் ஆற்றங்கரை சரியும். பெரிய யந்திரம் வைத்து ஒரே நாளில் வயலைப் புரட்டுவதைவிட இந்தக் கைக்குழி எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஆனால் அதன் ஆபத்தை முழுக்கச் சுமப்பவர் கீழே நிற்கிறவர்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2021-ல் இரத்தினபுரியில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டும்போது 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக் கொத்து கிடைத்தது. 10 கோடி டாலர் பெறும் என்று உலகம் முழுக்கச் செய்தி. 510 கிலோ என்றால் 25 லட்சம் காரட். ஆனால் குருந்தம் கிடைப்பது வேறு, பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கும் தரத்தில் கிடைப்பது வேறு. கையளவு கல்லில் நகத்தளவு தேறினாலே அதிர்ஷ்டம். "எவ்வளவு பெரிய கல் பாருங்க" என்று யாராவது ஆரம்பித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உலையைப் பற்றிக் கேளுங்கள்

இலங்கைக் குழிகளில் நீலக்கல்லைவிட அதிகமாகக் கிடைத்தது பால் கலங்கினாற்போன்ற வெளுத்த குருந்தம். 'கெவுடா' என்பார்கள். ரொம்ப நாள் அதை யாரும் மதிக்கவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மூட்டை மூட்டையாகச் சல்லிசு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே 1,600 டிகிரிக்கும் மேல் சூடேற்றியதும் கலங்கல் தெளிந்து கல் நீலமாகிவிட்டது. சூட்சுமம் இதுதான்: அந்தக் கலங்கலுக்குக் காரணம் பட்டு நூல் மாதிரி உள்ளே கிடந்த ரூட்டைல் ஊசிகள், அதாவது டைட்டானியம் உள்ள ஒரு கனிமம். சூட்டில் ஊசி கரைந்து டைட்டானியம் கல்லுக்குள் பரவி, ஏற்கெனவே இருந்த இரும்போடு சேர்ந்து நீல நிறம் கொடுத்தது. எறிந்த கல் விலைக்கல் ஆனது. இலங்கைக்காரர்களும் பின்னால் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று சந்தையில் உள்ள நீலத்தில் பெரும்பகுதி சூடு கண்ட கல்தான். அதில் தப்பில்லை, நிறம் நிரந்தரம், கல்லும் உறுதி. சூடு காணாத கல் அபூர்வம், அதனால் விலை பல மடங்கு. ஏமாற்று எங்கே வருகிறது என்றால், சூடேற்றிய கல்லை ஏற்றாத கல் விலைக்கு விற்பதில்.

இதற்கு மேல் இரண்டு சங்கதி இருக்கிறது. பெரிலியம் என்ற தனிமத்தைச் சேர்த்துச் சூடேற்றுவது ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. வெளுத்த கல்லைப் பளிச்சென்ற மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாற்றிவிடும். கனக புஷ்பராகம் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது, ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். வெடிப்பு விழுந்த மட்டமான கல்லுக்குள் கண்ணாடியை ஊற்றி வெடிப்பை மறைப்பது. பார்க்க ரத்தச் சிவப்பாக அழகாக இருக்கும். பத்தர் ஊதுகுழலைக் காட்டினால் போச்சு. எலுமிச்சைச் சாறு தொடர்ந்து பட்டால்கூட கண்ணாடி அரித்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். சமையல் செய்யும் கைக்கு இந்தக் கல் ஆகவே ஆகாது. சின்ன விலைக்குப் பெரிய மாணிக்கம் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள்.

படி 4: ஊர்ப் பேரை அப்படியே விழுங்காதீர்கள்

"ஒரிஜினல் சிலோன் சார்" என்று சொல்லாத கடை சென்னையில் கிடையாது. 1998-ல் மடகாஸ்கரில் இலகாகா என்ற ஊர்ப் பக்கம் நீலம் கிடைத்து, சில குடிசைகள் மட்டும் இருந்த இடம் சில வருடங்களில் பல ஆயிரம் பேர் நெருக்கியடிக்கும் ஊராகிவிட்டது. வாங்கப் போனவர்களில் இலங்கை வியாபாரிகளும் நிறைய. அந்தக் கல் இலங்கைக்கு வந்து, பட்டை தீட்டி, சிலோன் நீலமாக வெளியே போவதும் நடக்கிறது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. முதல் படியில் சொன்னேனே, இரண்டும் ஒரே அடுப்பில் வெந்த பண்டம். நல்ல ஆய்வகங்கள்கூட உள்ளே இருக்கும் நுண்தனிமங்களை அளந்துதான் சொல்லும், அதையும் 'எங்கள் கருத்து' என்றுதான் எழுதும்.

'காஷ்மீர் நீலம்' என்று யாராவது காட்டினால் டீ குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். பாடர் பகுதியில் 1880-களின் தொடக்கத்தில் மலைச்சரிவில் வெளிப்பட்ட அந்தச் சுரங்கம் சில வருடங்களிலேயே வற்றிவிட்டது. அந்தக் கல் இன்று உலக ஏலங்களில் போகிறதே தவிர, பாண்டி பஜாரில் டப்பாவில் வைத்து விற்கப்படுவதில்லை. மசிபோல் கறுத்த நீலத்தைப் 'பாங்காக் கல்' என்பார்கள். அதில் பலதும் எரிமலைப் பாறைப் பகுதிகளின், ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் கல். இரும்பு அதிகம், அதனால் கறுப்பு.

என்னைக் கேட்டால், ஊர்ப் பேருக்குத் தனி விலை கொடுக்க வேண்டியது பெரிய ஆய்வகத்தின் ரிப்போர்ட் கூடவே வரும் பெரிய கல்லுக்கு மட்டும்தான். இரண்டு மூன்று காரட் கல்லுக்கு நிறம், தெளிவு, சூடு இவற்றைப் பாருங்கள். மடகாஸ்கர் கல் எந்த விதத்திலும் மட்டமில்லை.

நேரே இலங்கைக்கே போய் வாங்கலாமா? போகலாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து இரத்தினபுரி சுமார் 100 கிலோமீட்டர். கொழும்புக்குத் தெற்கே பேருவளையில் பெரிய கல் சந்தை. அங்கே வியாபாரிகள் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், "நானா" (அண்ணா) என்று கூப்பிட்டுத் தாராளமாகப் பேரம் பேசலாம். ஆனால் பாஷை புரிவதும் கல் புரிவதும் வேறு வேறு. தெருவில் கை நீட்டிக் காட்டப்படும் கல்லில் செயற்கைக் கல்லும் உண்டு, குழிப் பக்கத்திலேயே விற்றாலும் கூட. ஆட்டோக்காரரோ கைடோ கூட்டிப்போகும் கடையில் அவருடைய கமிஷனும் உங்கள் விலையில்தான் இருக்கும். வாங்கினால் ரசீது வாங்குங்கள், அதிகார சபையின் சோதனைக் கூடத்தில் காட்டுங்கள், இங்கே சுங்கத்தில் மறைக்காதீர்கள்.

படி 5: பேரும் எடையும்

புஷ்பராகம் என்று எழுதிவிட்டு டோபாஸ் கொடுக்கிறார்கள். டோபாஸும் நல்ல கல்தான்; ஆனால் கனக புஷ்பராகம் என்பது மஞ்சள் குருந்தம், விலை எங்கேயோ இருக்கும். அதையும் விடச் சல்லிசான சிட்ரின், அதாவது மஞ்சள் குவார்ட்ஸ், அந்த இடத்தில் வந்து உட்காருவதும் உண்டு. வைடூரியம் என்று குவார்ட்ஸ் பூனைக்கண் வருகிறது. 'ஜிர்கான்' என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைப் பொருள். இலங்கைச் சரளையில் கிடைக்கும் சிர்கான் நிஜமான இயற்கைக் கனிமம், இரண்டும் வேறு வேறு. எனவே தமிழ்ப் பேரோடு கனிமப் பேரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

எடையில் இன்னொரு கூத்து. காரட் என்றால் உலகம் முழுக்க 0.2 கிராம். ரத்தி என்றால் குன்றிமணி. ஒரு குன்றிமணி எடை சுமார் 0.6 காரட். ஆனால் ராசிக்கல் வியாபாரத்தில் பலர் ஒரு ரத்திக்கு 0.91 காரட் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜோசியர் '5 ரத்தி' என்று எழுதிக் கொடுத்தால் அது 3 காரட்டாகவும் இருக்கலாம், நாலரைக் காரட்டாகவும் இருக்கலாம். பேசும்போதே காரட்டுக்கு மாறிவிடுங்கள். விலையையும் காரட்டுக்கு இவ்வளவு என்று கேளுங்கள். கல் பெரிதாக ஆக ஒரு காரட்டின் விலையும் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 6: வீட்டிலேயே ஒரு சோதனை

பாலில் நீலத்தைப் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்பார்கள். நீலக் கண்ணாடிக் கோலியைப் போட்டுப் பாருங்கள், அதுவும்தான் தெரியும். தலைமுடியைச் சுற்றிக் கொளுத்துவது, கண்ணாடியைக் கீறுவது எல்லாம் வேண்டாம். கண்ணாடியைக் குவார்ட்ஸும் கீறும். நீங்கள் கல்லின் விளிம்பைத்தான் உடைப்பீர்கள்.

உருப்படியான சோதனை ஒன்று உண்டு, ஆர்க்கிமிடீஸ் காலத்து வித்தை. மோதிரத்தில் பதிக்காத தனிக் கல்லாக இருக்க வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் சின்ன மில்லிகிராம் தராசு ஒன்று வாங்குங்கள், 0.001 கிராம் வரை காட்ட வேண்டும், 0.01 காட்டுவது இதற்குப் போதாது. முதலில் கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, கல்மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள்.

பாட்டியின் கல் மாதிரி இல்லாமல் ஒரு நல்ல உதாரணம்: 3.20 காரட் கல், அதாவது 0.640 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 0.160 காட்டியது. வகுத்தால் 4.0. குருந்தம். 2.65 பக்கம் வந்தால் குவார்ட்ஸ் அல்லது அயோலைட், 3.35 வந்தால் டான்சனைட், 3.6 வந்தால் ஸ்பைனல், ஐந்தரைக்கு மேலே போனால் கியூபிக் சிர்கோனியா. ஆற்றில் கூழாங்கல்லோடு கல்லைத் தங்கவைத்ததும், கூடையில் பிரித்ததும் இதே கனம்தான்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நீலமும் அதே குருந்தம்தான், அதற்கும் 4.0 தான் வரும். பாட்டியின் கல் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது. இயற்கையா என்று தெரிய 10 மடங்கு லென்ஸ் வேண்டும். வெள்ளைக் காகிதத்தின் மேல் கல்லைக் கவிழ்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு நிறக்கோட்டைத் தேடுங்கள். நேர்க்கோடு, மூலை, ஊசி ஊசியான பட்டு, விரல் ரேகை மாதிரி வடிவங்கள் நல்ல அடையாளம். உருண்டைக் குமிழியும் வளைந்த கோடும் கெட்ட சகுனம். கண்ணாடி மாதிரி ஒரு குறையுமில்லாமல் பளபளவென்று இருந்து, விலையும் மலிவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

படி 7: ஆய்வகமும் தலையணையும்

கடைக்காரர் கொடுக்கும் பிளாஸ்டிக் கார்டு ரிப்போர்ட் இருந்தாலும், நீங்களே தேர்ந்தெடுத்த வேறு ஒரு ஆய்வகத்தில் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் 'நேச்சுரல்' என்ற வார்த்தையோடு நிறுத்திவிடாதீர்கள். இயற்கையில் பிறந்த கல் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும் 'நேச்சுரல்'தான். கீழே 'கமெண்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். சூடு பற்றி, நிரப்பல் பற்றி, பெரிலியம் பற்றி அங்கேதான் எழுதியிருப்பார்கள். அந்த வரி காலியாக இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைக்காரர் கல்லை வெளியே கொடுக்க மறுத்தால்? நம் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். நீலம் எல்லோருக்கும் ஆகாது, ஒரு வாரம் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பார்கள் அல்லவா? பல கடைகள் அதை மறுப்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம் என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் ஆறு ராத்திரி தலையணைக்கு, ஒரு பகல் ஆய்வகத்துக்கு. திருப்பித் தரலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்க மறக்காதீர்கள்.

படி 8: பில்

கனிமப் பேர், காரட் எடை, சூடேற்றியதா இல்லையா, ரிப்போர்ட் எண். நான்கும் பில்லில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நுகர்வோர் ஆணையத்தில் நிற்க முடியாது. கல் வைத்த நகையாக வாங்கினால் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாகக் கேளுங்கள். கல் எடையைத் தங்கமாகக் கணக்குப் போட்டுக் காசு வாங்கும் பழக்கம் முழுக்கப் போய்விடவில்லை. ஹால்மார்க்கும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி அடையாளமும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அவை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. திரும்ப விற்கும்போது கல்லுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று வாங்கும்போதே கேளுங்கள். வரும் பதிலிலேயே உங்களுக்குச் சொன்ன விலை எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிடும்.

படி 9: பத்தரிடம் கொடுக்கும்போது

கல்லைப் பதிக்கக் கொடுக்கும் முன் செல்போன் கேமராவுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து, கல்லின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் புள்ளியும் ரேகையும் அதன் கைரேகை, மாறிவிட்டால் தெரிந்துவிடும். பத்தர் கண் முன்னாலேயே எடை போட்டுச் சீட்டு எழுதச் சொல்லுங்கள். நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கல் மோதிரத்தில் ஏற வேண்டும். அடிப்பக்கம் திறந்தபடி செய்யச் சொல்லுங்கள். ராசிக்காகச் சொல்லவில்லை, பின்னால் எப்போதாவது சோதிக்க வேண்டுமானால் வெளிச்சம் போக வழி வேண்டும்.

பாட்டியின் மோதிரத்தை அம்மா கடைசியில் அதே கல்லோடு திரும்பப் பதிக்கச் சொல்லிவிட்டாள். மயிலாப்பூரில் எங்கள் பழைய பத்தர் கல்லைத் தராசில் வைத்து, சீட்டில் 'நீலம் 1, 2.85 காரட்' என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி முன்னால் 'செயற்கை' என்று சேர்த்தேன். பத்தர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "எழுதட்டும், எழுதட்டும்" என்றாள் அம்மா. "கொக்கியை மட்டும் நல்லா அழுத்திப் போடுங்க. விழுந்துடப் போகுது."